உரிமம் தீர்ந்த ஆட்டங்களும் பிராட்வேயின் மெமரி கார்டுகளும்

'எண்மப் பண்பாடு' என்ற சொற்சேர்க்கை இல்லாமல் இன்று தமிழ், மலையாளத் துறைகளின் கருத்தரங்க அழைப்பிதழ் அச்சாவது அரிது. மீம்களின் அங்கதம் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார்கள், குறுங்காணொளிகளின் சாதி அரசியல் பற்றி வாசிக்கிறார்கள், வாசிக்கட்டும். அதே அரங்கில் எவரேனும் எழுந்து, 2003-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியக் கைபேசிகளில் ஓடிய ஜாவா ஆட்டங்களின் கதி என்ன என்று கேட்டால் முதலில் ஒரு புன்னகை பரவும். பிறகு, 'அதெல்லாம் விளம்பரத்துக்காகச் செய்த சரக்குதானே' என்ற விடை வரும். சற்றே சட்டம் அறிந்தவர் இருந்தால், 'அவை பிறருடைய பாத்திரங்களை உரிமம் பெற்று வைத்துச் செய்தவை. உரிமையாளர் விலக்கிக்கொண்டார், முடிந்தது' என்பார். இரண்டு விடைகளும் தவறானவை. முதல் விடை தமிழ் ஆய்வுலகம் தன் வரலாற்றையே மறந்ததால் வருவது. இரண்டாவது, சட்டத்தில் பாதியை மட்டும் படித்ததால் வருவது.

பேசுபொருள் இன்னதென்று வரையறுத்துவிடலாம். பெரிய நிறுவனம் ஒன்று தன் சொந்தப் பாத்திரத்தை வைத்துத் தானே செய்த ஆட்டம் இங்கே பொருளன்று. சிறு குழு ஒன்று, ஊரறிந்த பாத்திரம் ஒன்றை அதன் உரிமையாளரிடம் குறித்த காலத்துக்குக் கடன் வாங்கி, கைபேசித் திரைக்கு ஏற்றபடி உருவாக்கிய ஆட்டங்களே பொருள். இந்தியாவில் இந்தத் தொழிலின் தொடக்கத்தை அறிய மும்பையின் இந்தியாகேம்ஸ் நிறுவனத்தின் வரலாறு போதும். 1999-இல் விஷால் கோந்தல் தொடங்கிய அச்சிறு நிறுவனம் ஸ்பைடர்மேன், புரூஸ் லீ போன்ற உலகறிந்த உருவங்களைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் 'பயோஷாக்' என்னும் கணினி ஆட்டத்தின் கைபேசி வடிவத்தையும் வெளியிட்டது. அதன் பெரும்பங்கு முதலில் சீனாவின் டாம் ஆன்லைன் கைக்குப் போனது. 2007-இல் யூடிவி வாங்கியது. 2011-இல் டிஸ்னி வாங்கியது. சில ஆண்டுகளில் டிஸ்னி இந்தியாவில் ஆட்டம் உருவாக்கும் தொழிலையே கைவிட்டது. இவ்வளவும் வணிக நாளிதழ்களில் பதிவாகியிருக்கிறது. கம்பெனி கைமாறிய கணக்கு உண்டு. கைமாறிய பொருள் எங்கே என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. அந்த ஆட்டங்களை அன்று விற்ற தொலைபேசி நிறுவனங்களின் வாசல்கள் மூடப்பட்டுவிட்டன. இன்று எவரேனும் காசு கொடுத்து நேர்மையாக வாங்க விரும்பினாலும் விற்க ஆளில்லை.

அந்த ஆட்டங்கள் எப்படிப்பட்டவை என்பதை இன்றைய மாணவருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். தொடக்ககால நோக்கியா சீரிஸ் 40 கருவிகள் 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றே அதைவிடப் பெரியது. அந்த இடத்துக்குள் சிலந்தி மனிதன் கட்டடம் தாவ வேண்டும், பகைவன் வர வேண்டும், இசை ஒலிக்க வேண்டும், மதிப்பெண் ஏற வேண்டும். அதோடு வேலை முடிவதில்லை. 128×128 திரைக்கு ஒரு படி, 176×208 திரைக்கு ஒரு படி, 240×320 திரைக்கு ஒரு படி என ஒரே ஆட்டத்தைக் கருவிக்குக் கருவி மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரு படியில் இருக்கும் பின்னணி மாடம் இன்னொன்றில் இல்லை. ஒன்றில் ஏழு கட்டம், இன்னொன்றில் ஐந்து. பாடபேதம் என்ற சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரும் துறைகள், மூலபாடம் எது என்று தீர்மானிக்கவே முடியாத இந்தப் பொருளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பது வியப்புக்குரியது.

அழிவுக்குக் காரணம் கேட்டால் தொழில்நுட்பம் பழையதாகிவிட்டது என்று சொல்லிவிடுவது வழக்கம். ஓலை பழையதானால் செல்லரிக்கும், ஆட்டம் பழையதானால் ஓடாது என்பது போன்ற இயற்கை நியதியாக இது முன்வைக்கப்படுகிறது. உண்மை வேறு. உரிமம் பெற்ற ஆட்டத்தின் ஆயுள் ஒப்பந்தத்தின் முதல் நாளிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் விற்பனை நிறுத்தப்பட வேண்டும். விற்பனை நின்றபின் வருமானம் இல்லை. வருமானம் இல்லாத ஆட்டத்தைப் புதிய கருவிக்கு மாற்றியமைக்க எந்தச் சிறு குழுவுக்கும் கை இல்லை. கை இருந்தாலும் அந்தப் பாத்திரத்தைத் தொட உரிமை இல்லை. கூகுள், ஆப்பிள் கடைகளின் காலத்தில் இது இன்னும் கூர்மையடைந்தது. 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வெளியானபோது, 32-பிட் முறையில் எழுதப்பட்டுத் திருத்தப்படாமல் இருந்த செயலிகள் அனைத்தும் புதிய ஐபோன்களில் ஓடாமல் போயின. சொந்தப் பாத்திரம் வைத்திருந்தவர் விரும்பினால் திருத்திக்கொள்ளலாம். கடன் வாங்கிய பாத்திரம் வைத்திருந்தவர் திருத்துவதற்கு மீண்டும் உரிமம் கேட்டு நிற்க வேண்டும். ஒரே விதி, இருவர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை.

'டூம் ஆர்பிஜி' இதற்குத் தக்க சான்று. அது 2005-இல் அமெரிக்காவின் ஃபவுண்டன்ஹெட் என்ற சிறு நிறுவனம் செய்த கைபேசி ஆட்டம். புகழ்பெற்ற 'டூம்' உலகத்தை, எண் பொத்தான்களால் அடியடியாக நகரும் ஆட்டமாக மாற்றியமைத்தது. அதன் மேலான வடிவம் பிரூ என்னும் மேடைக்காக எழுதப்பட்டது. பிரூ ஆட்டம் தொலைபேசி நிறுவனத்தின் வழியே குறிப்பிட்ட கருவியில் வந்து இறங்கும்; அங்கிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது எளிதன்று. பல ஆண்டுகள் அது பேச்சில் மட்டும் வாழ்ந்தது. 2022-இல் ஆர்வலர்கள் அதன் நிரலைப் பிரித்து ஆராய்ந்து கணினியில் ஓடும்படி மறு உருவாக்கம் செய்தார்கள். 'டூம்' என்பது உலகம் முழுதும் ரசிகரைக் கொண்ட பெயர் என்பதால் இது நடந்தது. மும்பையிலோ பெங்களூரிலோ ஆறு பேர் உட்கார்ந்து செய்த ஆட்டத்துக்கு அப்படிப்பட்ட மீட்பர் எங்கிருந்து வருவார்?

வந்தார், ஒரு வகையில். எர்ணாகுளம் பிராட்வேயில்.

மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எர்ணாகுளக் கரையில் இறங்குபவருக்குப் பிராட்வே என்பது துணி, மசாலா, காகிதம், பாத்திரம், டிசம்பரில் நட்சத்திர விளக்கு. தோள் உரசாமல் நடக்க முடியாத அந்தத் தெருவிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் ஷண்முகம் சாலை. கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்த கோயம்புத்தூர்த் தமிழர் ஆர்.கே. சண்முகம் செட்டியின் பெயரைத் தாங்கிய சாலை அது. அங்கே பென்டா மேனகா வணிக வளாகம். கைபேசி விற்பதும் பழுதுபார்ப்பதும் உதிரி பாகமும் என அடுக்கடுக்காகக் கடைகள். சென்னையின் ரிச்சி தெருவுக்கு என்ன பெயரோ அதே பெயர் கைபேசி உலகில் இதற்கு உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கும் வரை இத்தகைய கடைகளுக்கு இன்னொரு வருமானம் இருந்தது. வாடிக்கையாளர் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுப்பார். கடைக்காரர் கணினியில் சொருகிப் பாட்டும் படமும் ஆட்டமும் நிரப்பித் தருவார். தொலைபேசி நிறுவனத்தின் வாசலில் ஓர் ஆட்டத்துக்கு ஐம்பது முதல் நூறு ரூபாய் வரை கேட்ட காலத்தில், அதைவிடக் குறைந்த காசுக்குக் கார்டு நிறைய ஆட்டம் கிடைத்தது. கருவியின் மாதிரி எண்ணைச் சொன்னால், அதன் திரைக்குப் பொருந்தும் படியைக் கடைப் பையன் தேடி எடுப்பான். எந்த ஆட்டம் எந்தத் திரைக்கு எத்தனை வடிவில் இருந்தது என்ற பட்டியலை இந்தியாவில் எவரேனும் நடைமுறையில் வைத்திருந்தார்கள் என்றால் அது இந்தப் பையன்கள்தாம்.

இதற்கு மக்கள் வைத்த பெயரையும் ஒரு நொடி கவனிக்க வேண்டும். தமிழில் 'கேம் ஏத்துறது', மலையாளத்தில் 'கேற்றுக'. பண்டம் ஏற்றுவதற்கு இரு மொழியிலும் வழங்கும் வினையே நிரலை ஏற்றுவதற்கும் வந்து நின்றது. 'கயற்றிறக்கு' என்று சுமட்டுத் தொழிலாளர் நாள் முழுவதும் பேசும் சந்தையில், ஒரு விரல் நகமளவு அட்டையில் சரக்கு ஏற்றுவதற்கும் அதே சொல். ஆங்கிலத்தின் 'லோடு' என்பதற்கும் மூலப்பொருள் சுமைதான். ஆனால் அகராதி பார்த்து மொழிபெயர்த்தவர் எவருமில்லை. கடைவீதி தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் 'பதிவேற்றம்', 'தரவிறக்கம்' என்று நூலில் எழுதியதற்கும் இந்த வழக்குக்கும் உள்ள உறவு ஆராயத்தக்கது. அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய சான்று கடைகளின் கோப்புப் பெயர்களிலும் சுவரில் ஒட்டிய விலைப்பட்டியல்களிலும் ஆட்டத்தின் உள்ளே வரும் கட்டளைச் சொற்களிலும் இருந்தது. இருந்தது என்ற இறந்தகாலம் தெரிந்தே இங்கே எழுதப்படுகிறது.

பிராட்வேயின் கடைக்காரரைப் பண்பாட்டுக் காவலராக்கிப் பொன்னாடை போர்த்தும் நோக்கம் இங்கில்லை. அவர் உ.வே. சாமிநாதையர் அல்லர். ஊர் ஊராக நடந்து ஏடு தேடியவர், கிடைத்த ஏட்டின் வரலாற்றைப் பதிவு செய்தார், படிகளை ஒப்பிட்டார், தவறு எங்கே புகுந்தது என்று தேடினார். கடைக்காரர் கோப்பின் பெயரை மாற்றினார். ஆட்டம் செய்தவர்களின் பெயர் தாங்கிய திரை வெட்டப்பட்ட படிகளையும் விற்றார். முதல் கட்டத்தோடு நின்றுபோகும் மாதிரிப் படியை முழு ஆட்டமென்று சொல்லி விற்றவரும் உண்டு. வட்டில் இடம் போதாமல் போனால் பழையதை அழித்தார். ஆட்டம் செய்தவருக்கு ஒரு காசு போய்ச் சேரவில்லை. அந்த இழப்பு சிறு நிறுவனங்களையே அதிகம் தாக்கியது என்பதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. காவலர் என்று பெயர் வைத்துக்கொண்ட நூலகம், பல்கலைக்கழகம், உரிமையாளர் ஆகிய மூவரும் கைகட்டி நின்றபோது, காப்பதற்கென்று நினைக்காமலேயே காத்த ஒரே இடம் திருட்டு வணிகமாக இருந்தது எப்படி? இந்த நிலைக்குப் பொறுப்பு யாருடையது?

'உரிமையாளர் விலக்கிக்கொண்டார், முடிந்தது' என்பவருக்கு விடை அதே ஷண்முகம் சாலையின் வடகோடியில் இருக்கிறது. பிராட்வேயிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நிற்கும் கேரள உயர்நீதிமன்றத்தில்தான் 'போபனும் மோளியும்' வழக்கு நடந்தது. குட்டநாட்டில் தம் அண்டைவீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து டோம்ஸ் வரைந்த இரட்டையர் அவர்கள். பின்னர் மலையாள மனோரமா வார இதழின் கடைசிப் பக்கத்தில் வந்து, அந்தப் பக்கத்திலிருந்தே இதழைப் படிக்கத் தொடங்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே ஏற்படுத்தியவர்கள். 1987-இல் டோம்ஸ் அங்கிருந்து விலகிக் கலாகௌமுதிக்குச் சென்றபோது, அந்தப் பாத்திரங்களை அவர் இனி வரையக்கூடாது என்று பழைய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பணியிலிருந்து விலகியபின் ஓவியர் புதிதாக வரைபவற்றைத் தடுக்கும் உரிமை பழைய நிறுவனத்துக்கு இல்லை என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. பாத்திரம் வேறு, அந்தப் பாத்திரம் தோன்றும் ஒவ்வொரு படைப்பும் வேறு என்று அன்றே பிரித்துப் பார்க்க முடிந்திருக்கிறது. உரிமம் பெற்ற ஆட்டத்துக்கும் இதே பிரிவினை பொருந்தும். சிலந்தி மனிதன் மார்வெலுக்குச் சொந்தம். ஆனால் 64 கிலோபைட்டுக்குள் அவனைத் தாவவைத்த நிரல், அந்தத் தாவலின் வேகம், கட்டங்களின் வரிசை ஆகியவை பெயர் தெரியாத சில இந்திய நிரலாளர்களின் உழைப்பு. பாத்திரத்தின் உரிமையாளர் தம் பாத்திரத்தைத் திரும்பப் பெறலாம். பிறருடைய உழைப்பின் சான்றையும் சேர்த்து உலகிலிருந்து அகற்றும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

இதே வகை மோதல் கேரளத்தில் திரைப்படத்துக்கும் நேர்ந்திருக்கிறது. அதன் முடிவு மட்டும் வேறு. சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் 1891-இல் வெளிவந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் என்னும் தனி ஆள் தம் பணத்தைப் போட்டு 1933-இல் அதை மௌனப்படமாக எடுத்தார், இயக்கியவர் பி.வி. ராவ். நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக டிப்போ வழக்குப் போட்டது. படம் திரையரங்கிலிருந்து இறங்கியது, தயாரிப்பாளர் நொடித்துப்போனார். இன்றைய சொல்லில் சொன்னால், புகழ்பெற்ற பாத்திரத்தை வைத்துத் தனிப்பட்ட கலைஞர் செய்த படைப்பு உரிமைச் சிக்கலால் முடக்கப்பட்டது. ஆனால் படச்சுருள் ஒரு பொருள். கைப்பற்றியவர் அதை எங்கேயாவது வைத்துத்தான் ஆகவேண்டும். புத்தகக் கடையில் கிடந்த அந்தச் சுருள் 1974-இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்திய மௌனப்படங்களில் மிஞ்சிய மிகச் சிலவற்றுள் அது ஒன்று. எந்த வழக்கிலும் சிக்காத ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' அழிந்தது. அவர் பெயரால் கேரள அரசு ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது, காட்ட ஒரு சுருள் இல்லை. முடக்கப்பட்ட படம் பிழைத்தது, முடக்கப்படாத படம் பிழைக்கவில்லை என்பது வரலாற்றின் குசும்பு. கைபேசி ஆட்டத்துக்கு அந்தக் குசும்பின் தயவும் இல்லை. உரிமையாளர் முடக்கும்போது கைப்பற்ற ஒரு பொருள் இல்லை. வழங்கியில் ஒரு கோப்பு நீக்கப்படும், அவ்வளவுதான்.

சட்டத்தின் மறுபாதிக்கு வரலாம். பதிப்புரிமைச் சட்டம், 1957. கணினி நிரல் என்பது 'இலக்கியப் படைப்பு' என்று 1984 திருத்தம் முதல் இந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஒரு ஜாவா ஆட்டத்தின் நிரலுக்குப் புதுமைப்பித்தன் சிறுகதைக்கு உள்ள அதே தகுதி. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பாதுகாப்பு. இனி 1954-இன் நூல் ஒப்படைப்புச் சட்டம். அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, தில்லி நூலகங்களுக்கும் போயாக வேண்டும். அந்தச் சட்டத்தில் 'நூல்' என்பதற்குத் துண்டுப் பிரசுரம், இசைத்தாள், நிலப்படம் வரை இடமுண்டு. நிரலுக்கு இடமில்லை. திருட்டைத் தண்டிக்க வரும்போது நிரல் இலக்கியம்; காக்க வேண்டிய இடத்தில் அது நூல் ஆகாது. உரிமக் காலமோ சில ஆண்டுகள். கடையில் சில ஆண்டுகள் மட்டும் இருந்த ஒரு பொருளை வேறு எவரும் தொடக்கூடாது என்று ஒரு நூற்றாண்டு காவல் காக்கும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று அழைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

நூலகங்களுக்கு விலக்கு உண்டே என்பார்கள். உண்டு, 2012 திருத்தம் கொண்டுவந்தது. 52-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் 'என்' என்ற கூறு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமிக்கலாம் என்கிறது. உடனே ஒரு நிபந்தனை: அந்தப் படைப்பின் மின்னணு அல்லாத படி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். பிறக்கும்போதே எண்ம வடிவில் பிறந்த ஆட்டத்துக்கு மின்னணு அல்லாத படி என்று ஒன்று எங்கே இருக்கிறது? அடுத்த கூறு, விற்பனையில் கிடைக்காத 'நூலுக்கு' மூன்று படி வரை எடுக்கலாம் என்கிறது. அங்கேயும் துண்டுப் பிரசுரமும் நிலப்படமும்தான் நூல். ஆக, முறையாகக் காப்பாற்ற விரும்பும் நூலகருக்குத் தெளிவான வழி எதையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. முறைகேடாகக் காப்பாற்றிய பென்டா மேனகாவுக்கு எந்தக் கதவும் தேவைப்படவில்லை.

பிற நாடுகளைப் பார்த்து ஏங்க வேண்டியதும் இல்லை. அங்கும் நிலைமை அரைகுறை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 13 சதவீதம் மட்டுமே இன்றும் விற்பனையில் இருப்பதாக 2023-இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை கணக்கிட்டது. நூலகங்கள் பழைய ஆட்டங்களை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தரலாமா என்று கேட்டதற்கு 2024-இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. மறுப்புக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆய்வு என்ற பெயரில் பொழுதுபோக்குக்கு விளையாடிவிடுவார்கள் என்ற அச்சம். நாவலை இன்பத்துக்காகப் படித்துவிடுவார்கள் என்று நூலகத்தைப் பூட்டுவது போன்றது இது. பிரான்சு மட்டும் விதிவிலக்காக நிற்கிறது. 1992-ஆம் ஆண்டின் சட்டத்தால் அங்கே ஆட்டங்களும் கட்டாய ஒப்படைப்புக்குள் வந்தன. தேசிய நூலகம் அவற்றைச் சேர்க்கிறது. ஆக, இது செய்ய முடியாத காரியமன்று.

இனி, 'விளம்பரச் சரக்கு' என்ற முதல் விடை. இதைத் தமிழ் ஆய்வாளர் ஒருவர் சொல்லும்போது கோபம் வருவதில் நியாயம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா எதைச் சேர்த்தார்? நூல்களோடு கூடத் துண்டறிக்கை, நாடக விளம்பரம், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ். அவருடைய காலத்தில் அவற்றைக் குப்பை என்றவர் பலர். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தத் தொகுப்பு சென்னையில் நூலகமானது. இன்று அந்தக் 'குப்பை' இல்லாமல் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பண்பாடு பற்றி ஓர் ஆய்வேடு எழுதிவிட முடியுமா? 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று கிடையாது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964-இல். அந்த முப்பத்துமூன்று ஆண்டுகளில் அழிந்த படங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பெரிதும் கைகொடுப்பவை கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் செய்தித்தாள் விளம்பரங்களும்தான். அவையும் விளம்பரச் சரக்குதான். சினிமாவையே இழிந்த பொருளாகக் கருதிய பல்கலைக்கழகம் சுருள்கள் அழிந்து தீர்ந்தபின் திரைப்பட ஆய்வுக்குத் துறை தொடங்கியது. அதே வரிசை மீண்டும் நடக்கிறது. இம்முறை வேகம் அதிகம்.

வேகம் என்பது உவமை அன்று. மெமரி கார்டு தகவலை மின்னேற்றமாகத் தேக்கி வைக்கிறது. மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மின்னேற்றம் கசிகிறது. ஒரு நாள் அட்டை வெறுமையாகிறது, அல்லது படிக்க முடியாமல் போகிறது. பனையோலை, நல்ல கையில் இருந்தால், சில நூற்றாண்டுகள் தாங்கும். 2007-இல் நிரப்பிய கார்டு ஒரு தலைமுறை தாங்குவதே ஐயம். அதைத் தாங்கியிருக்கும் கைபேசிகளோ ஆக்கர்க்கடைக்கும் பழைய இரும்புக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.

'வெளிநாட்டு ஆர்வலர்கள் இணையத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்களே' என்ற சமாதானமும் உண்டு. அவர்கள் சேர்ப்பது உண்மை. அவர்களுக்கு நன்றி உரியது. ஆனால் அவர்கள் தேடுவது அவர்களுக்குத் தெரிந்த பாத்திரங்களை. 2014-இல் 'கோச்சடையான்' படத்தையொட்டி ரஜினிகாந்தின் உருவத்தை வைத்து வெளியான 'ரெய்ன் ஆஃப் ஆரோஸ்' ஆட்டத்தைப் போலந்திலோ பிரேசிலிலோ இருக்கும் ஒருவர் ஏன் தேட வேண்டும்? அதைச் செய்தவர்கள் பெயர் என்ன, எத்தனை முறை திருத்தினார்கள், எந்தச் சொல்லால் ஆட்டக்காரரை விளித்தார்கள் என்பவை தமிழ் ஆய்வாளருக்குத் தேவையான கேள்விகள். அவற்றை இன்னொருவர் கேட்டு விடை எழுதிவைப்பார் என்று காத்திருப்பதற்குச் சோம்பல் என்று பெயர்.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. 'என்' கூறில் உள்ள 'மின்னணு அல்லாத படி' என்ற நிபந்தனையை, விற்பனையில் இல்லாத எண்மப் படைப்புகளுக்கு நீக்க வேண்டும். 1954 சட்டத்தின் 'நூல்' வரையறையில் நிரல் சேர வேண்டும். பாத்திர உரிமம் கொடுப்போரின் ஒப்பந்தங்களில், காலம் முடிந்தபின் ஒரு படி ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம் என்ற ஒரு வரி வேண்டும். அதனால் எந்த உரிமையாளருக்கும் ஒரு ரூபாய் நட்டம் இல்லை. இவற்றுக்கு நாடாளுமன்றமும் வழக்கறிஞரும் தேவை, காலம் பிடிக்கும்.

துறைகள் இந்தப் பருவத்திலேயே தொடங்கக்கூடியது ஒன்றுண்டு. மாணவர்கள் தத்தம் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய நோக்கியாவையும் சாம்சங்கையும் கொண்டுவரட்டும். கருவியின் மாதிரி எண், திரையின் அளவு, உள்ளே இருக்கும் ஆட்டங்களின் பெயர், கோப்பின் அளவு, 'பற்றி' என்ற பக்கத்தில் வரும் பெயர்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். குறிப்பெடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. எந்த ஊரில் எந்தத் தெருவில் ஏற்றியது, ஏற்றியவர் அதை எந்தச் சொல்லால் சொன்னார், எவ்வளவு வாங்கினார் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதலாம். பென்டா மேனகாவிலும் ரிச்சி தெருவிலும் அந்நாளில் கடைப் பையன்களாக இருந்தவர்கள் இன்று நாற்பதை நெருங்குபவர்கள்; பலர் அதே தொழிலில்தான் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். மின்னேற்றி கிடைக்காத கருவிகளுக்கு அந்தப் பழைய மெல்லிய முனை மின்னேற்றிகளைப் பழுதுபார்க்கும் கடைகளில் விசாரிக்கலாம்.